மோட்டார் வண்டியின் அசல் விலை

"அந்தக் காலத்தில் ஒரு கார் பதினாறாயிரம் ரூபாய்தான்" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேளாதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். பழைய அம்பாஸிடர் வண்டி ஒன்று வீதியிலே போனால் போதும். அதை முதன்முதலில் வாங்கியவர் என்ன கொடுத்தார் என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. தொகையைக் கேட்டவுடன் இளைஞர்கள் வியப்படைகிறார்கள். அந்நாளில் பிறந்திருந்தால் நாமும் ஒன்று வாங்கியிருக்கலாமே என்று எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் பிழையானது. அன்றியும், பொது விவகாரங்களில் ஈடுபட்டிருப்போருக்குத் தீங்கானதுமாகும் என்பது நமது அபிப்பிராயம். விலையைத் தனித்து நிற்கும் ஓர் எண்ணாகப் பார்க்கும் பழக்கம் வண்டி விஷயத்தோடு நின்றுவிடுவதில்லை. நூல் விலையிலும், அரிசி விலையிலும், கூலி விஷயத்திலும் அதே மயக்கம் நம்மைத் தொடர்ந்து வருகிறது. ஆகவே, புது வண்டியாக விற்ற நாளில் மோட்டார் கார் என்ன கிரயம் பெற்றது, அந்தக் கிரயம் யாருக்கு எவ்வளவு பாரமாயிருந்தது என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நெசவூரின் அளவுகோல்

இந்த ஆராய்ச்சிக்கு டெட்ராய்ட் நகரத்தையும் பம்பாயையும் விடப் பொதட்டூர்பேட்டையே தகுந்த இடம் என்று நாம் கருதுகிறோம். திருத்தணியை அடுத்து, ஆந்திர எல்லையை ஒட்டி, திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டுத் தாலுகாவில் இருக்கும் இவ்வூர் நெசவை நம்பி வாழ்வது. தறியில் உட்கார்ந்து பழகியவருக்கு விலை என்பது புதிரல்ல. ஒரு சேலை கடையிலே என்ன விலைக்குப் போகிறதென்று அவர் அறிவார். அதில் நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, பாவு ஓட்டியவருக்கு எவ்வளவு, வியாபாரிக்கு எவ்வளவு, கடைசியில் தம் கைக்கு வந்தது எவ்வளவு என்பதையும் அறிவார். மோட்டார் வண்டியின் விலையையும் இவ்விதமே இழை இழையாகப் பிரித்துப் பார்த்தாலன்றி அதன் உண்மை விளங்காது.

இவ்வூரை நாம் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டியின் மேல் விழும் மோட்டார் வரி நமது அரசியல் சட்டப்படி மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பொதட்டூர்பேட்டையோ ஆளும் சர்க்கார் அடிக்கடி மாறிய பூமி. சித்தூர் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை ராஜதானியில் இருந்த இவ்வட்டாரம் 1953 அக்டோபர் 1-ஆம் தேதி புதிய ஆந்திர ராஜ்யத்துக்குள் போயிற்று; 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசத்தின் பகுதியாயிற்று; ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாக 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி மீண்டும் சென்னையோடு சேர்ந்தது. 1950-இல் வாங்கிய ஒரு கார் இங்கே கொட்டகையை விட்டு அசையாமல் நின்றிருந்தாலும்கூடப் பத்தே ஆண்டுகளில் சென்னை, ஆந்திரம், ஆந்திரப் பிரதேசம், மறுபடியும் சென்னை என்று ஆட்சிகளைக் கண்டிருக்கும். விலை என்பது யந்திரசாலையில் முடிந்துவிடும் காரியமல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பவுன் கணக்கு

ரூபாயின் மதிப்பு ஆண்டுதோறும் மாறுவதால், பழைய விலையையும் புதிய விலையையும் ரூபாயால் ஒப்பிடுவதில் பொருளில்லை. நம் வீடுகளில் பெண்மக்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் கணக்கு ஒன்று உண்டு. அதுவே பவுன் கணக்கு. முதலில் அதைக் கொண்டே அளந்து பார்ப்போம்.

ஹென்றி போர்டு 1908 அக்டோபரில் தமது புகழ்பெற்ற "மாடல் டி" வண்டியை வெளியிட்டார். நான்கைந்து பேர் உட்காரும் திறந்த வண்டிக்கு அமெரிக்காவில் அவர் வைத்த விலை 850 டாலர். அப்போது ஓர் ஆங்கிலப் பவுனுக்கு ஏறத்தாழ 4 டாலர் 87 சென்ட். ஆகவே வண்டியின் விலை சுமார் 175 பவுன். நமது நாட்டில் அந்நாளில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். எனவே அமெரிக்க விலையே 2,600 ரூபாய்க்கு மேலாகிறது. கப்பல் கூலி, சுங்கவரி, ஏஜெண்டின் கமிஷன் ஆகியவை இதற்குமேல் வந்தவை. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கூலி என்று அக்காலத்துத் தறிக்காரருக்கு மிகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அவர் உண்ணாமல், உடுக்காமல், ஒரு நாளும் ஓயாமல் ஏழு ஆண்டுகள் நெய்தால்தான் அமெரிக்க விலையேனும் சேர்ந்திருக்கும்.

இதுவும் எளியவர்களுக்கென்றே செய்த வண்டி. செல்வர்களின் வண்டியோ வேறு உலகத்தைச் சேர்ந்தது. 1914-ஆம் ஆண்டு யுத்தத்துக்கு முந்திய சில ஆண்டுகளில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியாரின் "சில்வர் கோஸ்ட்" வண்டிக்கு 985 பவுன் விலை. அந்தத் தொகைக்குக் கிடைத்ததும் முழு வண்டியன்று. சட்டமும் சக்கரமும் யந்திரமும் மட்டுமே. உட்காரும் ஆசனமும் மேற்கூண்டும் வேண்டுமானால் தனியே ஒரு வண்டிகட்டும் கம்பெனியிடம் போய்ப் பணம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். நமது சமஸ்தானாதிபதிகள் இவ்வகை வண்டிகளை ஒன்றுக்குப் பத்தாக வாங்கி நிறுத்தினார்கள். 985 பவுன் என்பது அக்கால நாணயத்தில் 14,775 ரூபாய். அது எந்தக் குடியானவர்களின் நிலவரியிலிருந்து வந்தது என்பதை அந்த வண்டிகளைப் புகழ்ந்து எழுதுவோர் பிரஸ்தாபிப்பதில்லை.

நம்மவர் கைத்திறனுக்கு அன்றே குறைவிருந்ததாகச் சொல்வதற்கில்லை. சென்னையில் 1840 முதல் குதிரை வண்டிகள் கட்டிவந்த ஸிம்ப்ஸன் கம்பெனியில், ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-லேயே நீராவியால் ஓடும் கார் ஒன்றை அமைத்தார். மரவேலையும் இரும்பு வேலையும் அறிந்த தொழிலாளிகள் இங்கே இருந்தார்கள். இல்லாமற் போனது கைத்திறமல்ல. அதை வளர்க்கும் சர்க்கார்.

விலை இறங்கிய வரலாறு

மாடல் டி வண்டியின் பிற்கால வரலாறு கவனிக்கத் தக்கது. 1913-இல் போர்டு தமது யந்திரசாலையில் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். தொழிலாளி வண்டியைத் தேடிப் போவதற்குப் பதிலாக, வண்டியே ஓடும் தடத்தில் தொழிலாளியைத் தேடி வந்தது. ஒரு வண்டியின் உறுப்புகளைக் கூட்டிப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது போய், 1914-இல் 93 நிமிஷமே போதுமென்றாயிற்று. 1908-இல் 850 டாலராயிருந்த அதே வகை வண்டி 1920-களின் நடுவில் 290 டாலருக்கு விற்றது. இருவர் மட்டும் உட்காரும் சிறு வண்டி 260 டாலருக்கே கிடைத்தது. 175 பவுன் வண்டி 60 பவுனுக்கு இறங்கியது.

ஆனால் விலை இறங்கியது பாதிக் கதையே. மறுபாதி கூலி உயர்ந்த கதை. 1914 ஜனவரியில் போர்டு கம்பெனி, நாளொன்றுக்கு 2 டாலர் 34 சென்ட்டாயிருந்த குறைந்தபட்சக் கூலியை, லாபப் பங்கையும் சேர்த்து 5 டாலராக்கியது. வேலை நேரத்தையும் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தது. போர்டு தரும சிந்தனையால் மட்டும் இதைச் செய்தாரென்று நாம் சொல்ல வரவில்லை. சலிப்பூட்டும் வேலையைத் தாங்க மாட்டாமல் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக விலகிப் போனதே முக்கிய காரணம். அந்த ஐந்து டாலரைப் பெறுவதற்குத் தொழிலாளியின் வீட்டு நடவடிக்கையைக்கூடக் கம்பெனியின் ஆட்கள் வந்து சோதித்தார்கள். எனினும் பலனைப் பாருங்கள். கூலி உயர்வதற்கு முன் 550 டாலர் வண்டிக்கு அந்தத் தொழிலாளியின் 235 நாள் உழைப்பு ஈடாயிருந்தது. அதே 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வண்டி 490 டாலராக இறங்கியபோது, 98 நாள் உழைப்பே ஈடாயிற்று. செய்கிற கையே வாங்குகிற கையாகவும் மாறத் தொடங்கியது.

அந்நியருக்குப் போன பணம்

இந்த மலிவு நம் நாட்டுக்கு அப்படியே வந்து சேரவில்லை. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்கு உட்பட்ட இந்தியாவில் போர்டு வண்டியை விற்கும் உரிமை கானடா நாட்டுப் போர்டு கம்பெனியிடம் இருந்தது. அதன் கிளையாக 1926-இல் இந்தியக் கம்பெனி ஏற்பட்டது. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில் பெட்டிகளில் வந்த உறுப்புகளைப் பூட்டி விற்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாயில் தனது சாலையைத் திறந்தது. பூட்டுவதற்கான சொற்பக் கூலிதான் இங்கே தங்கியது. இரும்பின் விலை, யந்திரத்தின் விலை, கம்பெனி லாபம், கப்பல் கூலி அனைத்தும் கடல் கடந்து போயின.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களை நாம் மறத்தல் தகாது. ஸர் எம். விசுவேசுவரய்யா 1930-களின் நடுவில் இந்தியாவிலேயே மோட்டார் வண்டி செய்வதற்கான திட்டம் ஒன்றை வகுத்து, அதற்காக அயல்நாடுகளுக்கும் சென்று வந்தார். வால்சந்த் ஹீராசந்த் அத்திட்டத்தைக் கையிலெடுத்து அமெரிக்கக் கம்பெனியோடு ஏற்பாடு செய்தார். 1937-இல் அமைந்த பம்பாய் காங்கிரஸ் மந்திரிசபை ஆதரவு தந்தது. டில்லியிலிருந்த அந்நிய சர்க்கார் ஆதரவு தரவில்லை. பல தடைகளுக்குப் பின் 1942-இல் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், 1944-இல் வால்சந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் தோன்றின. சுதந்திரம் வந்தபின் சென்னையிலும் ஸ்டாண்டர்டு கம்பெனி எழுந்தது. 1953-இல் தாரிப் கமிஷன், இந்நாட்டில் உறுப்புகளைச் செய்யத் திட்டமில்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்பதை நிறுத்த வேண்டுமென்று சிபார்சு செய்யவே, போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அந்தத் தீர்மானம் சரியானது என்றே நாம் கருதுகிறோம். பணம் இங்கேயே தங்க வேண்டுமானால் வேலை இங்கேயே நடக்க வேண்டும்.

சீட்டில் எழுதிய விலை

ஆனால் அந்நியர் போனவுடன் நமது கடமை முடிந்துவிட்டதென்று இருந்ததுதான் குறை. 1960-களில் இந்தியன் ஒருவன் வாங்கக்கூடிய வண்டிகள் மூன்றே: 1957-இல் தொடங்கிய அம்பாஸிடர், பம்பாயின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. போட்டியில்லை, புதிய மாதிரியில்லை, தேவைக்கேற்ற உற்பத்தியும் இல்லை. 1959-லேயே கார் விற்பனைக்கும் பங்கீட்டுக்கும் சர்க்கார் கட்டுப்பாடு விதித்திருந்தது. 1969-இல் விலையையே உத்தரவு போட்டு நிர்ணயித்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடின. விலையை ஆராய ஒரு கமிஷன் அமைந்தது. காரின் கிரயம் நீதிபதிகள் தீர்க்கும் வழக்காயிற்று. இத்தனை விவகாரத்துக்குப் பின் 1972-இல் அம்பாஸிடரும் பியட்டும் ஏறத்தாழ 16,000 ரூபாய் என்ற நிலையில் நின்றன.

பெரியவர்கள் பெருமூச்சோடு நினைவுகூரும் "பதினாறாயிரம்" இதுவே. இதைப் பவுன் கணக்கில் பார்ப்போம். அந்த ஆண்டு பத்து கிராம் தங்கம் 200 ரூபாய் அளவில் இருந்தது. ஆகவே கார் ஒன்றின் விலை சுமார் 100 பவுன். 1920-களில் அமெரிக்கன் 60 பவுனுக்கு வாங்கியதைவிட இது அதிகம்!

அந்த 100 பவுனைக் கையில் வைத்திருந்தாலும் வண்டி கிடைத்ததா? பணம் கட்டிப் பெயரைப் பதிந்துகொண்டு காத்திருக்க வேண்டும். பியட் வண்டிக்குப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. சர்க்கார் ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர் முந்திக்கொண்டார். சிபார்சு உள்ளவர் அவருக்கு அடுத்தபடி. வெறும் பணம் மட்டும் உள்ளவர் வரிசையின் கடைசியில் நின்றார். இதன் விளைவு ஒரு விநோதம். ஓடித் தேய்ந்த வண்டி, புது வண்டியைவிட அதிக விலைக்குப் போயிற்று. ஏனெனில் பழையது இன்றே கிடைக்கும், புதியது என்றோ கிடைக்கும். சீட்டில் எழுதிய விலை ஒன்று, கைமாறிய விலை வேறு. இரண்டுக்கும் இடையிலிருந்த பணம் தொழிலாளிக்குப் போகவில்லை; கம்பெனிக்கும் போகவில்லை; சர்க்காருக்கும் போகவில்லை. தரகனுக்கே போயிற்று.

காகிதத்தில் மலிவான விலையை எழுதிவைத்து ஜனங்களை ஏமாற்றுவதில் ஹிட்லரின் ஜெர்மனி நமக்கு முந்தியது. 1938-இல் "மக்கள் வண்டி"யின் விலை 990 மார்க்கு என்று அங்கே பறைசாற்றினார்கள். வாரம் ஐந்து மார்க்குக்கு முத்திரை வாங்கிப் புத்தகத்தில் ஒட்டிவந்தால் வண்டி கிடைக்கும் என்றார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் நம்பி ஒட்டினார்கள். யுத்தம் வந்தது, யந்திரசாலை பட்டாள வண்டிகளைச் செய்தது, ஒட்டியவர்களில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. யுத்தத்துக்குப் பின் வழக்காடிய சிலருக்குப் புது வண்டி விலையில் ஒரு பகுதி தள்ளுபடியாயிற்று, அவ்வளவே. நமது நாட்டில் நடந்தது அத்தகைய கொடுமையல்லதான். ஆயினும், பொருளைப் பெருக்காமல் விலையை மட்டும் கட்டினால் பலன் என்ன என்பதை இரண்டும் காட்டுகின்றன.

மாருதியும் நானோவும்

1983 டிசம்பர் 14-ஆம் தேதி மாருதி 800 வண்டியின் முதல் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். விலை 47,500 ரூபாய். ஜப்பானிய சுஸுகி கம்பெனியின் கூட்டுறவால் வந்த புது முறை இது. அதற்கும் பதினாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி லட்சத்துக்கு மேற்பட்டோர் காத்திருந்தார்கள். பத்து கிராம் தங்கம் அப்போது 1,800 ரூபாய் அளவு. ஆகவே மாருதியின் விலை சுமார் 33 பவுன். 1998-இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கம்பெனியின் சான்ட்ரோ வந்தது. விலை மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அம்பாஸிடரைச் செய்த கம்பெனியே அதே ஆண்டில், பொதட்டூர்பேட்டை இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஜப்பானிய மித்சுபிஷி கம்பெனியின் லான்ஸர் வண்டியைச் செய்யத் தொடங்கியது. 2009-இல் டாட்டா கம்பெனி ஒரு லட்ச ரூபாய் வண்டி என்று நானோவை வெளியிட்டது. பவுன் கணக்கில் அது ஒன்பது பவுன் அளவே. அவ்வளவு மலிவாயிருந்தும் ஜனங்கள் அதைத் தேடி வரவில்லை. 2018-இல் உற்பத்தி நின்றது. "ஏழையின் வண்டி" என்ற பெயரைத் தலையில் சுமந்துகொண்டு வீதியில் போக ஏழையும் விரும்புவதில்லை என்பது இதில் கிடைத்த பாடம்.

2025-ஆம் ஆண்டின் நிலை என்ன? 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சிறு கார்களின் மீதிருந்த 28 சத ஜி.எஸ்.டி. 18 சதமாகக் குறைந்தபின், மிக மலிவான வண்டிகள் மூன்றரை லட்ச ரூபாய் அளவுக்கு இறங்கின. அடுத்த மாதமே சென்னையில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் 90,000 ரூபாயைத் தாண்டியது. ஆகவே அப்போது கார் ஒன்று நான்கு பவுன்!

தங்கம் சொல்லும் பொய்

இங்கேதான் வாசகர்கள் நின்று யோசிக்க வேண்டும். பவுன் கணக்கை நம்பினால், 1908-இல் 175 பவுன், 1972-இல் 100, 1983-இல் 33, 2009-இல் ஒன்பது, 2025-இல் நான்கு என்று வண்டி வர வர மலிந்து, இன்று நெசவாளர் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். நிற்கிறதா? நடுவிலே 1998-ஆம் ஆண்டைப் பாருங்கள். அப்போது பத்து கிராம் தங்கம் நான்காயிரம் ரூபாய் அளவே. ஆகவே சான்ட்ரோவின் விலை 90 பவுனுக்கு மேலாகிறது. பதினைந்து ஆண்டுகளில் கார் இரண்டரை மடங்குக்கு மேல் அருமையாகிவிட்டதா? இல்லை. தங்கம் தூங்கிக்கொண்டிருந்தது, பின்னர் விழித்து ஓடியது. தங்கமும் ரூபாயைப் போல ஏறி இறங்கும் பண்டமே. அதை வைத்திருப்பவனுக்குத்தான் அந்தக் கணக்கு உதவும். உழைத்துப் பிழைப்பவனுக்கு உதவாது.

உழைப்பவனுக்கு உண்மையான அளவுகோல் ஒன்றே. ஒரு பொருளைப் பெற எத்தனை நாள் வேலை செய்ய வேண்டும்?

2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பொதட்டூர்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் உழைப்பவருக்குச் சர்க்காரே எழுதி வைத்த கூலி அது. மூன்றரை லட்சத்தை அதனால் வகுத்தால் 1,042 நாள் வருகிறது. திருத்தணி மலைக்கு ஆண்டின் நாட்களுக்கொரு படியாக 365 படிகள் உண்டென்பதை அறிவோம். நாளுக்கொரு படி என்று வைத்தால், அந்த மலையை ஏறத்தாழ மூன்று முறை ஏறி முடிக்க வேண்டும். 1914-இல் டெட்ராய்ட் தொழிலாளி அதே மலையில் 98-ஆம் படியிலேயே தமது வண்டியைக் கண்டுவிட்டார். ஆண்டுக்கு நூறு நாள்தான் வேலை என்றால், நம்மவருக்கு அது பத்து ஆண்டுக்கு மேற்பட்ட தவம். இடையில் உணவு, உடை, வைத்தியம், பள்ளிக் கட்டணம் எதற்கும் ஒரு காசு எடுக்கலாகாது.

நான்கு பவுன் என்று தங்கம் மலிவு பேசுகிறது. ஆயிரத்து நாற்பத்திரண்டு நாள் என்று உழைப்பு உண்மை பேசுகிறது. இதனால் நாம் தெளிவது என்னவெனில், நம் நாட்டில் வண்டியின் விலை மிகுதியாயிருப்பது பாதிக் குறையே. உழைப்பின் விலை தாழ்ந்திருப்பதே பெருங்குறை.

பழமைக்கு வந்த மதிப்பு

பழைய வண்டிகளின் கிரயம் இப்போது வேறொரு காரணத்துக்காகவும் பேசப்படுகிறது. 1960-களின் தொடக்கத்தில் 18,000 டாலர் அளவுக்கு விற்ற பெராரி 250 ஜி.டி.ஓ. வண்டிகளில் ஒன்று 2018 ஆகஸ்டில் அமெரிக்க ஏலத்தில் 484 லட்சம் டாலருக்குப் போயிற்று. நமது மத்திய சர்க்காரும் 2021-இல் ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளைப் புராதன வண்டிகளெனப் பதிய விதிகள் செய்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம் என்றது. 1972-இல் ஒரு முழுக் காரை 16,000-க்கு வாங்கியவர், அதைப் பழம்பொருளாகப் பதிய இன்று அதைவிட அதிகம் கட்ட வேண்டியிருக்கிறது! பழமையைப் போற்றுவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டியைப் பளபளக்கத் துடைத்து வைப்பவர்கள், அதன் முதல் ரசீதையும், பதிவுச் சீட்டையும், காத்திருந்த காலத்துக் கடிதங்களையும் குப்பையில் போடுவது பெருந்தவறு. அந்தக் காகிதங்களே நம் நாட்டின் பொருளாதார சரித்திரம். வீட்டுப் பரணில் அவை கிடந்தால் அருகிலுள்ள நூலகத்துக்காவது கொடுத்துக் காப்பாற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நாம் கேட்க வேண்டியது

இனி, பொதுக் காரியங்களில் உழைக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. விலையைப் பற்றி யார் மேடையேறிப் பேசினாலும் மூன்று கேள்விகளை அவர் முன் வையுங்கள். இந்த விலைக்கு எத்தனை நாள் கூலி? சொன்ன விலைக்குச் சொன்ன நாளில் பொருள் கிடைக்குமா? கொடுத்த பணத்தில் எவ்வளவு, செய்த கைக்குப் போய்ச் சேருகிறது? இம்மூன்றுக்கும் விடையில்லாத விலை வெறும் எண்ணே.

அன்றியும், எல்லோரும் கார் வாங்கிவிடுவதே முன்னேற்றத்தின் எல்லை என்று நாம் கருதவில்லை. திருத்தணி வரை போக வேண்டிய பொதட்டூர்பேட்டைவாசிக்கு, வேளைக்கு வரும் பஸ் கார் செய்யும் காரியத்தில் பெரும்பகுதியைச் செய்துவிடும். நூல் மூட்டையும் நெய்த துணியும் அதிலேயே போய் வரலாம். 1,042 நாள் உழைப்பைச் சேர்த்துவைக்க முடியாதவருக்கு நாள்தோறும் ஓடும் பஸ்தான் சொந்த வண்டி. சர்க்கார் கார் வரியைக் குறைத்து வாங்குவோருக்கு உதவியது போலவே, பஸ்ஸில் போவோருக்கும் கூலி உயர்வுக்காகக் காத்திருப்போருக்கும் உதவ வேண்டுமென்று கேட்பது நியாயமே.

பதினாறாயிரம் ரூபாய்க்குக் கார் விற்ற காலம் பொற்காலமன்று. அந்தப் பதினாறாயிரத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாமல் தறியில் உட்கார்ந்திருந்தவர்களே அன்று இத்தேசத்தில் மிகப் பலர். இன்றும் அவர்கள் மிகப் பலரே. ஒரு நாள் நெசவின் கூலி என்ன என்பதை வைத்தே அவர்கள் மற்றெல்லா விலைகளையும் அளக்கிறார்கள். நாமும் அந்தக் கோலையே கையில் எடுப்போமாக.